மன அமைதி கிடைத்த பிறகும் தீராமல் நின்ற ஒரு கணக்கு: ஆன்மிகமும் கிறிஸ்தவ விசுவாசமும் பற்றிய அனுபவப் பகிர்வு

தொடக்கப் பகிர்வு: ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி (கணக்கெழுத்தர்), சுங்கை சிப்புட், மலேசியா

அன்பர்கள் அனைவருக்கும் வணக்கம். சென்ற மாதம் நம் ஊரில் நடந்த ஒரு திருமண விருந்தில், பழைய தோட்டத்து நண்பர் ஒருவரின் மகன் என் பக்கத்தில் அமர்ந்து, "மாமா, முன்பு நீங்கள் தியான வகுப்புக்குப் போனீர்கள், இப்போது சபைக்குப் போகிறீர்கள், இரண்டுமே மன நிம்மதிக்குத்தானே, எதற்காக மாறினீர்கள்?" என்று கேட்டார். அவர் குற்றம் கண்டு கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பினார். இலையில் சோறு விழுந்த நேரத்தில் சொல்லி முடிக்கக்கூடிய பதில் இல்லை என்பதால், பிறகு சொல்கிறேன் என்று கூறிவிட்டு வந்தேன். அந்தப் பதிலை இங்கே எழுதுகிறேன். இதே வழியில் வந்தவர்களும், இந்த வழியை ஏற்காதவர்களும் தங்கள் அனுபவத்தை எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

1978ஆம் ஆண்டில் எனக்கு வயது இருபத்தொன்று. அப்போது எங்கள் தோட்டம் முழுவதும் கித்தா (ரப்பர்) மரங்கள்தான். செம்பனை (எண்ணெய்ப்பனை) பின்னால் வந்தது. பால் நிறுக்கும் கொட்டகையில் தராசின் அருகில் நின்று, மரத்தைக் கீறிப் பால் எடுக்கும் வெட்டுக்காரர்கள் சுமந்துவந்து ஊற்றும் பாலை நிறுத்து, மெட்ரோலாக் என்ற அளவுக் கருவியை மிதக்கவிட்டுப் பாலில் ரப்பர் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து, ஒவ்வொருவர் பெயருக்கும் நேராகப் பேரேட்டில் எழுதுவது என் வேலை. குளிரில் பால் நன்றாக இறங்கும் என்பதற்காக விடியும் முன்பே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு காட்டுக்குள் இறங்கிய மனிதர்களின் ஒரு நாள் உழைப்பு, என் பேனா முனையில் சில எண்களாக மாறியது. அந்த எண்களைச் சரிபார்க்கத் தெரிந்தவர்கள் அவர்களில் மிகச் சிலர்தான்.

ஒரு மாதம் என் கூட்டலில் பெரிய பிழை விழுந்து, ஆலைக்கு அனுப்பிய பாலுக்கும் பேரேட்டுக்கும் பொருந்தாமல் போயிற்று. துரைக்குத் தெரிந்தால் வேலை போய்விடும் என்று பயந்து, எழுத்து வாசிக்கத் தெரியாத பத்துப் பன்னிரண்டு பேரின் எடையில் நாளுக்கு ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ என்று குறைத்தெழுதி, ஏறக்குறைய இரண்டரை மாதத்தில் அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டினேன். அவர்களில் ஓர் அக்காள் மட்டும் ஒரு நாள் தராசின் முன் நின்று, "தம்பி, வாளி எப்பவும் போலத்தான் நெறஞ்சு வருது, கணக்கு மட்டும் ஏன் கொறையுது?" என்று கேட்டார். பின்னால் முப்பது பேர் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். நான் மெட்ரோலாக்கை எடுத்துக் காட்டி, "பால்ல தண்ணி இருக்கு, அப்புறம் எப்படி எடை நிக்கும்?" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன். பாலில் தண்ணீர் இல்லை. அது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். அவர் வேறு ஒரு வார்த்தையும் பேசாமல் வாளியைக் கவிழ்த்து எடுத்துக்கொண்டு போனார். அதன் பிறகு சில காலம் தோட்டத்தில் அவருக்கு ஒரு பட்டப்பெயர் இருந்தது. அதை இங்கே எழுத எனக்கு மனம் வரவில்லை.

தோட்டம் செம்பனைக்கு மாறி, லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை) வீடுகளை விட்டு நாங்கள் ஊருக்குள் தாமான் குடியிருப்பில் குடியேறிய பிறகு, 1996இல் ஒரு தியான வகுப்பில் சேர்ந்தேன். அதை நடத்தியவர் நல்ல மனிதர், காசு வாங்காதவர். நம் மண்ணுக்கும் ஆன்மிகத்துக்கும் உள்ள தொடர்பு பழையது என்பதை நான் மறுக்கவில்லை. பின்னாளில் சுவாமி சிவானந்தராக உலகம் அறிந்தவர், 1913 முதல் 1923 வரை மலாயாவில் மருத்துவராக இருந்தவர். சிரம்பான் பக்கத்துத் தோட்ட மருத்துவமனையில் நம் பாட்டன்மார் போன்றவர்களின் காய்ச்சலுக்கும் புண்ணுக்கும் மருந்து கொடுத்தவர். அவருடைய படத்தை என் தந்தையார் வீட்டில் மாட்டி வைத்திருந்தார். தியானத்தினால் எனக்குக் கிடைத்த நன்மையையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்: கோபம் குறைந்தது, தூக்கம் வந்தது, மனைவி மக்களிடம் எரிந்து விழுவது நின்றது.

ஆனால் கண்ணை மூடி உட்காரும்போதெல்லாம் அந்த அக்காளின் முகம் வந்தது. வகுப்பை நடத்தியவரிடம், விவரத்தைச் சொல்லாமல், ஒரு பழைய நினைவு தொந்தரவு செய்கிறது என்று மட்டும் சொன்னேன். "எண்ணங்கள் மேகம் மாதிரி, வரும், போகும். நீங்கள் சாட்சியாக இருந்து பாருங்கள், பிடித்துக்கொள்ளாதீர்கள்" என்றார். அப்படியே செய்தேன். சில மாதங்களில் அந்த முகம் மங்கத் தொடங்கி, ஒரு கட்டத்தில் வருவதே நின்றுவிட்டது. அதை அன்று என் வளர்ச்சி என்று எண்ணி மகிழ்ந்தேன். அவருக்குப் பாதி உண்மையை மட்டும் சொன்னது என் தவறு. அவர் மேல் எந்தக் குறையும் இல்லை. இருந்தாலும் அங்கே யாரும், "அந்த நினைவில் இருக்கும் மனிதர் யார்?" என்று கேட்கவில்லை. கேட்க வேண்டிய இடமாகவும் அது இருக்கவில்லை, ஏனென்றால் அங்கே பேசப்பட்டதெல்லாம் என் மனத்தைப் பற்றித்தான்.

2004இல் பக்கத்து வீட்டில் ஜெபக்கூட்டம் வைத்தார்கள். மரியாதைக்காகப் போய்க் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தேன். போதகர் லூக்கா 19ஆம் அதிகாரத்தை வாசித்தார். சகேயு என்ற ஒருவன், ரோமர்களுக்கு வரி வசூலித்துக் கொடுக்கிற ஆயக்காரருக்குத் தலைவன், குள்ளன், கூட்டத்தில் பார்க்க முடியாமல் காட்டத்தி மரத்தில் ஏறியிருக்கிறான். கணக்கெழுதும் வேலையில் அடுத்தவர் வயிற்றில் அடித்தவன் அவன். இயேசு அந்த இடத்துக்கு வந்து, அண்ணாந்து பார்த்து, "சகேயுவே, நீ சீக்கிரமாய் இறங்கிவா, இன்றைக்கு நான் உன் வீட்டிலே தங்கவேண்டும்" என்கிறார். அதற்குப் பிறகுதான் அவன் எழுந்து நின்று, "நான் ஒருவனிடத்தில் எதையாகிலும் அநியாயமாய் வாங்கினதுண்டானால், நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன்" என்கிறான். அந்த வாக்கியம் காதில் விழுந்தபோது, இருபத்தாறு ஆண்டுகளுக்கு முன் மூடிவைத்த பேரேட்டை யாரோ என் மடியில் திறந்து வைத்ததைப் போல இருந்தது. எட்டு ஆண்டுப் பயிற்சியில் மறைந்திருந்த முகம் ஒரு நொடியில் திரும்பி வந்தது.

கூட்டம் முடிந்ததும் போதகரிடம் முதன்முறையாக எல்லாவற்றையும் சொன்னேன். கவலைப்படாதே, கடவுள் மன்னித்துவிட்டார் என்று தட்டிக்கொடுப்பார் என எதிர்பார்த்தேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "அந்த அம்மா உயிரோடு இருக்கிறாரா?" என்பதுதான்.

அவர் ஈப்போவில், புந்தோங்கில் மகன் வீட்டில் இருந்தார். போவதற்கு முன் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அன்றைய கூலி விகிதத்தில் நான் அவரிடமிருந்து எடுத்தது இருபது ரிங்கிட்டைக்கூடத் தாண்டவில்லை. நாலு மடங்கு என்றால் எண்பது. அந்தச் சின்னத் தொகைக்காக ஒரு மனிதரின் பெயரைக் கெடுத்திருக்கிறேன் என்பது அப்போதுதான் என்னை உலுக்கியது. ஐந்நூறு ரிங்கிட்டை உறையில் போட்டுக்கொண்டு போய், அவர் முன் நின்று நடந்ததைச் சொன்னேன். அவர் உறையைத் தொடவில்லை. "இத்தனை வருசமா எங்க இருந்தீங்க தம்பி?" என்று கேட்டார். சற்று நேரம் கழித்து, உள்ளே இருந்த மகனையும் மருமகளையும் பேரப்பிள்ளைகளையும் கூப்பிட்டு உட்காரவைத்து, "பால்ல நான் தண்ணி கலக்கலன்னு இவங்ககிட்ட சொல்லுங்க" என்றார். சொன்னேன். எனக்குக் காப்பி கொடுத்தார். அவர் இன்றும் அம்மனைக் கும்பிடுகிறவர். என்னை மன்னிப்பதற்கு அவருக்கு எந்த வேதாகமும் தேவைப்படவில்லை. என்னை அவர் வாசல் வரைக்கும் அனுப்பியது எது என்பதைத்தான் நான் இங்கே பேசுகிறேன்.

அடுத்த ஆண்டு ஞானஸ்நானம் பெற்றேன். இவ்வளவு நாளாக நான் ஆன்மிகம் என்று தேடியது ஒரு நிலை. என்னைத் தேடி வந்தது ஓர் ஆள். நிலை என்பது என்னை எதுவும் கேட்காது. ஆள் கேட்பார்.


பதில்: தாதி (செவிலியர்), அதே ஊரைச் சேர்ந்தவர், இப்போது ஈப்போவில்

ஐயாவின் பகிர்வைப் படித்தபோது என் அனுபவம் இதற்கு நேர்மாறான பக்கத்திலிருந்து வந்தது என்று தோன்றியது. ஐயாவுக்கு அமைதி கிடைத்தது, அது போதவில்லை. எனக்கு அமைதியே கிடைக்கவில்லை.

என் அம்மாவுக்கு நீரிழிவினால் சிறுநீரகம் செயலிழந்து, வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம், இரத்தச் சுத்திகரிப்பு இயந்திரத்தோடு இணைக்கப்பட்டிருந்தார். வேலையும் பராமரிப்பும் சேர்ந்து என்னை நசுக்கிய அந்த நாட்களில், கைப்பேசியில் மூச்சுப் பயிற்சி, நேர்மறை எண்ணம், பிரபஞ்ச சக்தி, ஈர்ப்பு விதி என்று எதெது கிடைத்ததோ அதையெல்லாம் பின்பற்றினேன். மூச்சுப் பயிற்சி உண்மையிலேயே உதவியது. இப்போதும் நோயாளிகளுக்குச் சொல்லித் தருகிறேன். ஆனால் அந்த வகுப்புகளில் ஒன்றில், நம் உடலில் வரும் நோய் நாம் உள்ளே வளர்த்த எதிர்மறை எண்ணங்களின் விளைவு என்று சொன்னார்கள். நான் அதை நம்பி, வீட்டுக்கு வந்து, "நீங்க எப்பவும் கவலப்பட்டுக்கிட்டே இருந்ததாலதான்மா இப்படி ஆச்சு" என்று அம்மாவிடம் சொன்னேன். ஐந்து பிள்ளைகளைக் கூலி வேலையில் வளர்த்தவரிடம் அப்படிச் சொன்னேன். அவர் முகம் எப்படி வாடியது என்பதை நான் மறக்கவில்லை.

உடன் வேலை செய்த ஒரு தாதி, யோவான் 9ஆம் அதிகாரத்தை எனக்குக் காட்டினார். பிறவிக் குருடன் ஒருவனைக் கண்டு சீஷர்கள், இவன் குருடனாய்ப் பிறந்தது இவன் செய்த பாவத்தினாலா, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவத்தினாலா என்று கேட்கிறார்கள். இரண்டும் இல்லை என்கிறார் இயேசு. அதற்கு இரண்டு அதிகாரம் தள்ளி, நண்பன் லாசருவின் கல்லறைக்குப் போகும் வழியில், "இயேசு கண்ணீர் விட்டார்" என்ற ஒரு சின்ன வசனம் இருக்கிறது. சில நிமிடங்களில் அவனை உயிரோடு எழுப்பப் போகிறவர் ஏன் அழ வேண்டும்? நான் அதுவரை படித்த எல்லாவற்றிலும் உயர்ந்த மனிதர் என்றால் கலங்காதவர், பற்றற்றவர், அலை ஓய்ந்த குளம் போன்றவர். இவர் கலங்குகிறார். தாம் கைதாகும் இரவில் கெத்செமனே தோட்டத்தில் வியர்க்கிறார், இந்தப் பாத்திரம், அதாவது வரப்போகும் பாடு, நீங்கக்கூடுமானால் நீங்கட்டும் என்று வேண்டுகிறார். எனக்கு அப்போது தேவைப்பட்டவர் கலங்காதவர் இல்லை.

"கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று தொடங்கும் 13ஆம் சங்கீதத்தை இரத்தச் சுத்திகரிப்பு மையத்தின் வராந்தாவில் உட்கார்ந்து எத்தனை முறை வாசித்திருப்பேன் என்று எனக்குத் தெரியாது. கடவுளிடம் கோபமாகப் பேசலாம், அந்தக் கோபமே ஜெபமாக எண்ணப்படும் என்பது எனக்குப் புதியதாக இருந்தது. பிரபஞ்ச சக்தியிடம் கோபப்பட முடியாது. மின்சாரத்திடம் கோபப்படுவது போல அது.

அம்மா குணமாகவில்லை. இறப்பதற்கு முன் அவரிடம், நான் அன்று சொன்னது பொய் என்று சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் நம் ஆட்களே இதில் தவறுகிறோம். நான் சபைக்கு வந்த பிறகு, விசுவாசிகள் சிலர் வீட்டுக்கு வந்து, விசுவாசம் முழுமையாக இருந்திருந்தால் உன் அம்மா பிழைத்திருப்பார் என்றார்கள். அது அந்த வகுப்பில் கேட்ட அதே பேச்சு. நேர்மறை எண்ணம் என்ற இடத்தில் விசுவாசம் என்ற சொல்லைப் போட்டுவிட்டால் அது கிறிஸ்தவம் ஆகிவிடாது. விசுவாசம் நம் மனத்தின் வலிமை என்றால், பலவீனமான மனம் உள்ளவர்களுக்கு அதில் இடமே இல்லை.


பதில்: சைவ அன்பர், ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர், சுங்கை சிப்புட்

கிராணி ஐயாவை எனக்கு நாற்பது ஆண்டுகளாகத் தெரியும். அவர் உண்மையாக எழுதியிருப்பதால் நானும் உண்மையாகவே எழுதுகிறேன். நான் சைவன்; சைவனாகவே இருப்பேன். என் மனத்தில் உள்ள இரண்டு விஷயங்களைச் சொல்கிறேன்.

இங்கே ஆன்மிகம் என்ற ஒரு சொல்லுக்குள் பலவற்றைச் சேர்த்து எடை போடுகிறோம். புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) காலைதோறும் வரும் பூப்படமும் பொன்மொழியும் வேறு, திருமுறை வேறு. "அவனருளாலே அவன்தாள் வணங்கி" என்று மாணிக்கவாசகர் சிவபுராணத்தில் பாடுகிறார். அவனை வணங்குவதற்கே அவன் அருள் வேண்டும் என்பது அதன் பொருள். நம் முயற்சிக்கு முன்பே அருள் வந்துவிடுகிறது என்பது கிறிஸ்தவர்கள் மட்டும் கண்டது போலப் பேசினால், நான் நாள்தோறும் ஓதும் பாட்டை யாரும் படிக்கவில்லை என்றே நினைப்பேன். உருகி அழுவதும், இறைவனோடு பிணங்குவதும் நம் தேவாரத்தில் உண்டு. சுந்தரர் சிவபெருமானைத் தோழனாகக் கொண்டு உரிமையோடு சண்டை போட்டவர். எல்லா மதமும் ஒன்றே, எப்படிக் கும்பிட்டாலும் சரி என்று சொல்லிவிட்டு எதையும் கும்பிடாமல் இருக்கும் புதிய போக்கு, கிறிஸ்தவரை எவ்வளவு வருத்துகிறதோ அவ்வளவு என்னையும் வருத்துகிறது.

அடுத்தது ஐயாவுக்கு. அந்தப் பழியைப் பால் கொட்டகையில் முப்பது பேர் முன்னால் போட்டீர்கள். அதைத் திரும்ப எடுத்துக்கொண்டது புந்தோங்கில் ஒரு வீட்டுக் கூடத்தில், நான்கைந்து பேர் முன்னால். அன்று வரிசையில் நின்றவர்களில் இன்னும் உயிரோடு இருப்பவர்கள் பலர் நம் ஊரிலேயே இருக்கிறார்கள். அவர்களுக்குத் தெரியுமா? உங்கள் சகேயு, நீங்கள் எழுதியபடி, எழுந்து நின்று சொல்லியிருக்கிறான். எழுந்து நிற்பது என்றால் பலர் பார்க்கத்தானே?


பதில்: தொடக்கப் பகிர்வாளர்

ஆசிரியர் ஐயாவின் இரண்டாவது கேள்வியைப் படித்துவிட்டு இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அதற்கு இங்கே சொல்லால் பதில் எழுத விரும்பவில்லை. சில வாரம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது கருத்தை முழுமையாக ஏற்கிறேன். அருள் என்ற சொல் தமிழுக்குக் கிறிஸ்தவர்கள் கொண்டுவந்தது அன்று. தமிழில் புதிய ஏற்பாடு 1715இல் தரங்கம்பாடியில் அச்சாகி முடிந்தபோது, அந்த மொழிபெயர்ப்பாளர்கள் எழுதத் தொடங்கிய மொழிக்குள் பக்தி ஆயிரம் ஆண்டுக்கு மேலாகக் குடியிருந்தது. அப்படியானால் வேறுபாடு எங்கே இருக்கிறது என்று நீங்கள் கேட்பது சரியே. அது அருள் உண்டு, இல்லை என்பதில் இல்லை. அது எங்கே, எப்போது, எந்த விலையில் வந்தது என்பதில் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

எங்கள் சபையில் சொல்லும் விசுவாசப் பிரமாணத்தில் இயேசுவையும் அவருடைய தாய் மரியாளையும் தவிர இன்னொரு மனிதரின் பெயரும் வருகிறது: பொந்தியு பிலாத்து. அவர் நல்லவர் என்பதற்காக அல்ல. திபேரியு பேரரசர் காலத்தில் யூதேயாவை ஆண்ட ரோம அதிகாரி அவர். இயேசுவுக்குச் சிலுவைத் தண்டனை விதித்தவர். தொழுகையில் ஓர் அதிகாரியின் பெயரை ஏன் சொல்கிறோம் என்று தொடக்கத்தில் எனக்கு விளங்கவில்லை. கணக்கெழுதிப் பழகிய எனக்குப் பிறகு விளங்கியது: அது பேரேட்டில் போடும் தேதி. கடவுள் அன்பாக இருக்கிறார் என்பதை ஒரு கருத்தாக யாரும் ஏற்கலாம், மறுக்கலாம், எந்தக் காலத்துக்கும் பொருத்தலாம். இந்த ஆளுநரின் காலத்தில், எருசலேமின் வாசலுக்கு வெளியே, ஒரு வெள்ளிக்கிழமையில் அது நடந்தது என்று சொல்லும்போது, அது நடந்திருக்க வேண்டும் அல்லது நடக்காமல் இருக்க வேண்டும். அப்போஸ்தலர் பவுல் அதை ஒளித்துப் பேசவில்லை. கிறிஸ்து மரித்தோரிலிருந்து எழுந்திராவிட்டால் உங்கள் விசுவாசம் வீண் என்று கொரிந்தியருக்கு வெளிப்படையாகவே எழுதிவிட்டார். பொதுவான ஆன்மிகத்தில் அப்படி எந்தச் சம்பவத்தின் மேலும் எதுவும் தொங்கவில்லை. அது அதன் வசதி. எனக்கு அந்த வசதி பயன்படவில்லை, ஏனென்றால் என் குற்றமும் ஒரு தேதியில், ஒரு கொட்டகையில் நடந்தது. நடந்த ஒன்றை, நடந்த இன்னொன்றுதான் தொட முடியும் என்று எனக்குப் பட்டது. உங்களுக்கு அப்படிப் படாமல் இருக்கலாம். இதில் நாம் உடன்படவில்லை என்பதை மரியாதையோடு அப்படியே விட்டுவிடுகிறேன். ஒன்றுதான் என்று பூசி மெழுகினால் அது உங்களுக்கும் எனக்கும் மரியாதை இல்லை.

சகேயு கதையின் வரிசையையும் கவனிக்க வேண்டும். அவன் பணத்தைத் திருப்பிக் கொடுத்ததால் இயேசு அவன் வீட்டுக்குப் போகவில்லை. முதலில் விருந்தாளி வந்தார், அதன் பிறகு கைப்பெட்டி திறந்தது. நான் தியானத்தையும் தான தருமத்தையும் செய்த காலத்தில், ஒரு பக்கம் வரவு ஏறினால் மறுபக்கத்துப் பற்று குறையும் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். கிராணி புத்தி. புந்தோங்குக்கு நான் எடுத்துச் சென்ற ஐந்நூறு ரிங்கிட்டிலும் அந்தப் புத்தி கொஞ்சம் இருந்தது. அந்த அக்காள் உறையைத் தொடாமல் விட்டது எனக்குச் செய்த உபகாரம்.

இது வெள்ளைக்காரத் துரைமாரின் மதம் என்று என் தந்தையார் கடைசி வரைக்கும் வருந்தினார். துரைமார் பங்களாவுக்கும் எங்கள் லயத்துக்கும் நடுவில் இருந்த தூரத்தை நினைத்தால் அவர் வருத்தத்தில் நியாயம் இருந்தது. அதை நான் வாதாடி வெல்ல முயலவில்லை. ஒரு மாலை மட்டும், பக்கத்துக் கோலகங்சாரில் 1877இல் நட்ட கித்தா மரத்தின் கதையை அவரிடம் சொன்னேன். பிரேசில் காட்டிலிருந்து விதையாக இலண்டன் போய், அங்கே முளைத்து, பிறகு இங்கே வந்த கன்று அது. அந்த இன மரத்தில் பால் வெட்டித்தான் அவர் எங்களை வளர்த்தார். அவர் சிரித்தார், ஆனால் மனம் மாறவில்லை.


பதில்: கத்தோலிக்க சகோதரி, பாகான் செராய்

நான் பிறந்த நாளிலிருந்தே கத்தோலிக்கர். எங்கள் முன்னோர் இங்கே சூசைப்பாளையத்தில் குடியேறியவர்கள். ஆகையால் வெளியிலிருந்து உள்ளே வந்த கதை என்னிடம் இல்லை. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும்.

ஆண்டுதோறும் ஜூலை 26ஆம் நாள் வரும் புனித அன்னாள் திருநாளுக்குப் புக்கிட் மெர்தாஜாம் போகிறோம். அங்கே வருகிறவர்களில் இந்துக்களும் சீனர்களும் ஏராளம். மெழுகுவர்த்தி ஏற்றி, நேர்த்திக்கடன் செலுத்திப் போகிறார்கள். ஒரு முறை என் பக்கத்தில் நின்ற ஓர் இந்துப் பெண், "அக்கா, நீங்க என்ன வேண்டிக்கிட்டீங்க?" என்று கேட்டார். மகளின் தேர்வு, கணவரின் கடன், முழங்கால் வலி என்று சொன்னேன். அவரும் ஏறக்குறைய அதையே சொன்னார். திரும்பி வரும் பேருந்தில் எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. ஐம்பது ஆண்டுகளாகத் திருப்பலிக்குப் போகிற நானும், முதல் முறையாக வந்த அவரும் ஒரே காரியத்துக்குத்தான் வந்திருந்தோம். கேட்பது தவறில்லை, "கேளுங்கள்" என்று ஆண்டவரே சொல்லியிருக்கிறார். ஆனால் என் வேண்டுதலில் ஒரு முறைகூட, நீர் எனக்கு என்ன வைத்திருக்கிறீர், நான் உமக்கு எதைச் செய்ய வேண்டும் என்ற கேள்வி வந்ததில்லை.

ஆகவே கோட்டைச் சபைக்கு உள்ளே, வெளியே என்று போட்டுவிட முடியாது என்பது என் எண்ணம். ஞானஸ்நானம் வாங்கியும் பொது ஆன்மிகத்திலேயே வாழ்நாளைக் கழித்துவிடலாம். நான் பெரும்பகுதி அப்படித்தான் கழித்தேன். இப்போது வியாழக்கிழமைகளில் ஒரு முதியோர் இல்லத்துக்குப் போய் வருகிறேன். அதுவே பதில் என்று சொல்லவில்லை, அங்கிருந்து தொடங்கியிருக்கிறேன்.


மீண்டும் தொடக்கப் பகிர்வாளர், ஏழு வாரங்களுக்குப் பின்

ஆசிரியர் ஐயாவின் கேள்விக்குப் பதில் எழுத வந்திருக்கிறேன்.

எங்கள் பழைய தோட்டத்தில் லயங்கள் இடிக்கப்பட்டுவிட்டன, சுற்றிலும் செம்பனை. மாரியம்மன் கோயில் மட்டும் நிற்கிறது. ஆண்டுத் திருவிழாவுக்கு எங்கெங்கோ சிதறிப்போன பழைய தோட்டத்து மக்கள் வந்து சேருகிறார்கள். அன்று வரிசையில் நின்றவர்களை ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமென்றால் எனக்கு வேறு இடம் இல்லை. கோயில் கமிட்டித் தலைவரிடம் போய், பூசை முடிந்து அன்னதானம் தொடங்கும் முன் பந்தலில் இரண்டு நிமிடம் பேச அனுமதி கேட்டேன். எதைப் பற்றி என்றார். சொன்னேன். அவர் தந்தையாரும் அன்று எடை குறைந்த பன்னிரண்டு பேரில் ஒருவர் என்பதையும் சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, வாருங்கள் என்றார்.

முன்னதாகப் புந்தோங்குக்குப் போய் அந்த அக்காளிடமும் கேட்டேன், ஏனென்றால் அவருக்கு மறந்துபோன அவமானத்தை என் நிம்மதிக்காக நான் மறுபடி கிளறக் கூடாது. "மறந்துபோச்சுன்னு யாரு சொன்னா?" என்றார். மகன் காரில் அவரைத் திருவிழாவுக்கு அழைத்து வந்தார். என் போதகரும் உடன் வந்து, பந்தலின் ஓரத்தில் நின்றார். சபையில் ஓரிருவருக்கு நான் கோயில் வளாகத்துக்குப் போனது பிடிக்கவில்லை. அவர்களோடு பொறுமையாகப் பேசிக்கொள்வேன்.

பந்தலில் அறுபது எழுபது பேர் இருந்தார்கள். அந்தக் காலத்து வெட்டுக்காரர்கள் இருபது பேர் இருக்கலாம். பல்லும் பார்வையும் போன முகங்கள். ஆசிரியர் ஐயா முதல் வரிசையில் திருநீற்றோடு உட்கார்ந்திருந்தார். ஒலிபெருக்கியை நிறுத்தச் சொல்லிவிட்டேன், ஏனென்றால் அன்றும் நான் வாயால்தான் சொன்னேன். 1978இல் கணக்கில் நான் பிழை செய்தேன், அதை மறைக்கப் பன்னிரண்டு பேர் எடையைக் குறைத்தெழுதினேன், கேள்வி கேட்ட இந்த அக்காள் மேல் பொய்ப் பழி போட்டேன், அவர் பாலில் ஒரு சொட்டுத் தண்ணீரும் கலக்கவில்லை என்றேன். குரல் நடுங்கியது. சொல்லி முடித்துத் தலையைக் குனிந்துகொண்டேன்.

பந்தலில் யாரும் பேசவில்லை. எழுபத்தேழு வயது அக்காள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, பின் வரிசையைக் கையால் காட்டி, "தம்பி, அந்தக் கோடியில இருக்கிறவங்களுக்குக் கேக்கல. சத்தமா சொல்லுங்க" என்றார்.

நான் நிமிர்ந்து நின்று மறுபடியும் சொன்னேன்.